கையில் ஏறாத பாடம்: வடசென்னையில் ஐந்து நாள்

டிசம்பர் 26, வியாழன்

அரையாண்டு லீவுக்கு மெட்ராஸ் போகிறேன் என்றதும் ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். மெரினா, மாமல்லபுரம், தி.நகரில் எந்தக் கடையில் எந்தச் சேலை. நான் தண்டையார்பேட்டை என்றேன். "அங்க போயி என்னத்தைங்க டீச்சர் பாப்பீங்க?" என்றார் எங்கள் தமிழய்யா. பெரியம்மா மகள் இருக்கிறாள், அவ்வளவுதான் எனக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஈரோட்டை விட்டுக் கல்யாணம், கருமாதி தவிர வேறெதற்கும் நான் அசைந்ததில்லை.

சென்ட்ரலில் இறங்கும்போது தூறல். மெட்ரோவில் ஐந்தாவது நிறுத்தம் தண்டையார்பேட்டை. வெளியே அக்கா குடையோடு நின்றாள். "இன்னாடி இம்மாம் லேட்டு, நாஷ்டா ஆறிப்போச்சு" என்றாள். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து "வாங்க கண்ணு" என்று பேசிய வாய். பெரியம்மா கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

வீட்டுக்குள் போனதும் "குந்து" என்றாள். நானும் குந்தினேன். எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு எதையும் நோட்டில் எழுதாவிட்டால் கை அரிக்கும். முதல் பக்கம் சொற்களுக்குப் போனது. நாஷ்டா, பேஜார், கலீஜ் மூன்றும் உருது வழியாக வந்தவை. துட்டு என்பது டச்சுக்காரர்களின் செப்புக்காசுப் பெயர். தண்டையார்பேட்டையே தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபை 'தொண்டியார்' என்று கூப்பிட்டதில் வந்த பெயர் என்கிறார்கள். மத்தியானம் வரை ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. கெட்டிக்காரியாகிவிட்ட நினைப்பு எனக்கு.

சாயங்காலம் காசிமேடு கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். தேதியை நான் யோசிக்கவே இல்லை. சுனாமி வந்து இருபது வருஷம் நிறைந்த நாள். காலையிலேயே பாலும் பூவும் கடலில் விட்டிருக்கிறார்கள். கருங்கல் இடுக்குகளில் சாமந்தியும் ரோஜா இதழும் அலை வர வர உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. ஒரு பாட்டி எவர்சில்வர் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. "கடல் மேல கோவம் இல்லீங்களா பாட்டி?" என்று கேட்டுவிட்டேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

பாட்டி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "கோவிச்சிக்கினு எங்க போறது? நாளிக்கி காலைல அதாண்ட தான போவணும்."

நோட்டு கைப்பையிலேயே கிடந்தது. எடுக்கவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் சுள்ளென்று வெயில். துணி காயாது, தலையும் காயாது. இந்த ஊரின் ஈரம் ஈரோட்டுக்காரிக்குப் புரியாத விஷயம்.

அக்கா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு தகரக் கொட்டகை. இரண்டு கேரம் போர்டு, தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கும் பல்பு, போரிக் பவுடர் வாசனை. லீவு என்பதால் காலை ஒன்பது மணிக்கே ஏழெட்டுப் பிள்ளைகள். ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தாதான் அங்கே எல்லாம். சுவரில் நாளிதழ்ப் படங்கள் ஒட்டியிருந்தன. அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம், வியாசர்பாடியிலிருந்து கிளம்பி உலக சாம்பியன் ஆன இளவழகி, போன மாதம் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்று வந்த காசிமா. காசிமா இங்கே பக்கத்துச் செரியன் நகர்ப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அந்தப் படத்துக்குக் கீழே மட்டும் யாரோ ஸ்கெட்ச் பேனாவில் இதயம் வரைந்திருந்தார்கள்.

ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி ஸ்ட்ரைக்கரைத் தன் பக்கத்துச் சட்டத்தில் மோதவிட்டு, பின்னால் ஒளிந்திருந்த கறுப்புக் காயைக் குழிக்குள் அனுப்பினாள். டபுள். எனக்கு ஆசை வந்துவிட்டது. "பாப்பா, இது ஏன் விழுகுது தெரியுமா?" என்று ஆரம்பித்து, படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று போரிக் பவுடரிலேயே விரலால் படம் போட்டு விளக்கினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் அவள் ஸ்ட்ரைக்கரை என்னிடம் நீட்டினாள். "நீங்க அடிங்க மிஸ்."

கோணத்தை மனதுக்குள் அளந்து, மூச்சைப் பிடித்து அடித்தேன். ஸ்ட்ரைக்கர் காயின் பக்கமே போகவில்லை. இரண்டாவது அடியில் ஸ்ட்ரைக்கரே குழிக்குள் விழுந்தது. மைனஸ். மூன்றாவது, போர்டை விட்டுப் பறந்து ஒரு பையனின் டீ டம்ளரைக் கவிழ்த்தது.

தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சட்டத்துல மோதுற காய் மோதுன வேகத்தோட திரும்பாதும்மா. கொஞ்சம் அங்கயே வுட்டுட்டுத்தான் வரும்." பாடப்புத்தகத்தில் கண்ணாடியில் பட்ட ஒளிக்கதிர் ஒழுங்காகத் திரும்பும். மரச்சட்டத்தில் பட்ட காய், வேகத்தில் ஒரு பங்கை அங்கே தொலைத்துவிட்டு, கணக்கு சொல்வதைவிடச் சட்டத்தை ஒட்டியே வெளியேறும். அதில் ஸ்ட்ரைக்கரின் சுழற்சி வேறு, அன்றைக்கு எவ்வளவு பவுடர் என்பது வேறு. பத்தொன்பது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மரச்சட்டம் கண்ணாடி இல்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எல்லாக் காய்களையும் வழித்து எடுத்தார். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, எல்லாம் டப்பாவுக்குள். "காயின் இல்லாம அடி. எதிர்ச் சட்டத்துல பட்டு உன் கோட்டுக்கே திரும்பி வரணும். அம்பது தபா."

ஐம்பது தபா அடித்தேன். கோட்டுக்குத் திரும்பியது ஏழு. ஆள்காட்டி விரல் நகத்துக்குக் கீழே ரத்தம் கட்டிவிட்டது. விரலைப் பின்னால் இழுத்து ஓங்கி அடிக்கிறேன். ஸ்ட்ரைக்கரைத் தொட்டுக்கொண்டே தள்ள வேண்டும். இதை அவர் வாயால் சொல்லவில்லை. என் விரலைப் பிடித்து ஸ்ட்ரைக்கரில் ஒட்ட வைத்தார், போய்விட்டார்.

ஒன்று கவனித்தேன். அவர் ஒரு தடவைகூட "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. நான் வகுப்பில் அதைச் சொல்லாமல் மூச்சே விடுவதில்லை. போன வருஷம் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுப் பயல்கள் கடைசி பெஞ்சில் எண்ணி, ஒரு பீரியடில் 41 தடவை என்று சாக்பீஸால் மேசையில் எழுதிவைத்திருந்தார்கள். அன்று கோபம் வந்தது.

சாயங்காலம் திருவொற்றியூர். மெட்ரோ அறிவிப்பில் 'காலடிப்பேட்டை' வந்தபோது, எந்த மகானின் காலடி என்று அக்காவைக் கேட்டேன். "எதோ சாமி கால் வச்ச எடம்" என்றாள். மகானும் இல்லை, சாமியும் இல்லை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டைதான் மக்கள் வாயில் நடந்து நடந்து காலடிப்பேட்டை ஆயிற்று. கடைசி நிறுத்தத்தின் விம்கோ, தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். அக்காவுக்கு இதில் ஏமாற்றம். "சாமி கால்னே இருந்திருக்கலாம்" என்றாள்.

வடிவுடையம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஆதிபுரீசுவரர் கவசத்துக்குள் இருந்தார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் இல்லாமல் பார்க்க முடியும். நான் போனது ஏறக்குறைய பத்து நாள் கழித்து. வள்ளலார் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெரு வீட்டிலிருந்து இந்தக் கோயிலுக்கு நடந்தே வருவாராம். ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். அவர் சிறுவயதில் பள்ளிக்கூடம் போகாமல் அண்ணனிடம் திட்டு வாங்கிய கதை எனக்குத் தெரியும். வாத்தியார் வரிக்கு வரி 'வேண்டாம்' வருகிற நீதிப்பாட்டைச் சொல்லிக்கொடுக்க, ஏன் இத்தனை வேண்டாம் என்று கேட்டு, 'வேண்டும்' 'வேண்டும்' என்று அடுக்கி வருகிற பாட்டைப் பிள்ளை பாடிவிட்டதாம். வரிசையில் நிற்கும்போது என் வகுப்பு 'வேண்டாம்'களை எண்ணிப் பார்த்தேன். பேச வேண்டாம், திரும்ப வேண்டாம், கிறுக்க வேண்டாம், ஸ்கேலை வீச வேண்டாம். முன்னால் நின்ற அம்மா "நவுருங்க" என்று முதுகில் தட்டும் வரை ஓடியது பட்டியல்.

டிசம்பர் 28, சனி

ஜார்ஜ் டவுனுக்குத் தனியாகப் போனேன். அக்காவுக்கு மூட்டுவலி. ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாள்: "எவன் கூப்ட்டாலும் நிக்காத, எதுக்குனா வெல கேட்டா பாதியில ஆரம்பி."

ராஜாஜி சாலையில் துறைமுகத்தின் மதிலை ஒட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன். லாரிப் புகையும் தூசியும். இங்கேதான் ராமானுஜன் 1912 மார்ச் முதல் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். மறு ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை, துறைமுக அலுவலகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு வாங்கும் குமாஸ்தா என்று தன்னைச் சொல்லிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். காகிதம் வாங்கக் காசில்லாமல் ஸ்லேட்டில் போட்டு முழங்கையால் அழித்து அழித்துப் போட்டதால் முழங்கை கறுத்துப்போனதை வருஷா வருஷம் அவர் பிறந்த நாளான டிசம்பர் 22 அன்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். 'வறுமையிலும் படித்தார், பாருங்கள்' என்று முடிப்பேன். அவர் முழங்கையால் அழித்தது, துணியைத் தேடி எடுக்கிற நேரம்கூட அந்தக் கையை நிறுத்தப் பிடிக்காததால்தானோ என்னவோ. நேற்று கோட்டுக்கு வந்து வந்து போன ஸ்ட்ரைக்கர் இப்படியெல்லாம் யோசிக்க வைக்கிறது.

தங்கசாலைத் தெருவில் பாதி வழியில் செருப்பு அறுந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, கால் சுடுகிறது, முன்னும் பின்னும் மூட்டை வண்டிகள். ஒரு அடகுக்கடைப் படியோரம் செருப்புத் தைப்பவர் குடை விரித்து உட்கார்ந்திருந்தார். செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "லெப்ட்டு காலு வெளிப்பக்கமா தேய்க்கிற. நின்னுக்கினே இருக்குற வேலையா?" என்றார். டீச்சர் என்றேன். "கரும்பலகை பக்கம் திரும்பி ஒரு கால்ல நிப்பீங்க, அதான்." இவ்வளவு நாள் போன எலும்பு டாக்டர் இதைக் கேட்டதில்லை. அவர் நூலை மெழுகுக் கட்டியில் இரண்டு தரம் இழுத்துவிட்டுத்தான் ஊசியில் கோத்தார். மெழுகு ஏறிய நூல் தண்ணீர் குடிக்காது, முடிச்சும் நழுவாது. முப்பது ரூபாய். பாதியில் ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை.

சௌகார்பேட்டை முறுக்கு சாண்ட்விச் பற்றிப் பலரும் புகழ்கிறார்கள். இரண்டு முறுக்குக்கு நடுவில் தக்காளியும் வெள்ளரியும் பச்சைச் சட்னியும். முறுக்கு நமுத்துப்போவதற்குள் தின்றால் அருமை. நான் போட்டோ எடுத்துவிட்டுத் தின்றேன், நமுத்துப்போயிருந்தது.

இருட்டியதும் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. மஞ்சள் நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ (மொறுமொறு தட்டை). எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் போட்டார் கடைக்காரர். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், 70 ரூபாய். நான் ஸ்பூன் கேட்டேன். கொடுத்தார். பக்கத்தில் நின்று தின்ற துறைமுகத்துத் தம்பி ஒருவர், "சூப்பு கடைசில குடிக்கிறதுக்கு இல்லக்கா. ஒரு வாய் அது, ஒரு வாய் இது" என்று தன் கிண்ணத்திலிருந்து செய்து காட்டினார். அப்படித் தின்றதும்தான் ருசி ஒன்று சேர்ந்தது. தனித்தனியாகத் தின்றபோது ஒன்று காரம், இன்னொன்று சப்பு. இரண்டாவது தட்டும் வாங்கினேன், ராத்திரி வயிறு பேசியது.

டிசம்பர் 29, ஞாயிறு

மூன்றரை மணிக்கு அக்கா எழுப்பிவிட்டாள். காசிமேடு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்பது நான் நினைத்த மாதிரி சந்தை இல்லை. நாலு மணிக்கே ஆட்டோ உள்ளே நுழைய முடியவில்லை. தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலும். கூடை சுமப்பவர்கள் "ஓரம்! ஓரம்!" என்று கத்திக்கொண்டே வருவார்கள், திரும்பிப் பார்க்கும் நேரத்தில் தோளில் இடித்துவிட்டுப் போயிருப்பார்கள். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தட்டையான ரப்பர் செருப்புப் போட்டுப் போனால் ஒவ்வோர் அடிக்கும் சேறு முதுகு வரை தெறிக்கும். என் சேலையின் பின்பக்கம் இன்னும் போகவில்லை. பத்து, இருபது ரூபாய்ச் சில்லறையோடு போங்கள். வீட்டிலிருந்தே மூடி போட்ட பக்கெட் கொண்டுபோங்கள்.

அக்கா ஒரு பக்கம் போக, 'நானும் வாங்குகிறேன்' என்று வீராப்பாக இன்னொரு பக்கம் போனேன். சங்கராவைக் கூறு கட்டி வைத்திருந்தார்கள். சிவப்பாக, பளபளவென்று. கூறு 300 ரூபாய். 400 சொன்னதை 300-க்கு முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுத்தம் பண்ணும் இடத்துக்குக் கொண்டுபோனேன். வரிசையாக அருவாமனைகள், வரிசையாகப் பெண்கள். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாவிடம் கொடுத்தேன். பையைக் கவிழ்த்தார்.

"எம்மா, இத்த எவகிட்ட வாங்குன?"

கை காட்டினேன்.

"அவ எம்டன்மா! மேல நாலு நல்ல மீனு, அடியில பூரா ஐஸுல தூங்கி எழுந்தது." ஒரு மீனின் வயிற்றில் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, விழுந்தபடியே இருந்தது.

எம்டன் என்ற சொல்லைக் கேட்டு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி இந்தக் கரைக்கு வந்து குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். கப்பல் அதே வருஷம் நவம்பரில் அழிந்தது. பேர் மட்டும் நூறு வருஷம் தாண்டியும் காசிமேட்டில் சங்கரா விற்கிறது.

"எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்றேன். நான் எதிர்பார்த்தது விளக்கம். நோட்டைக்கூட எடுத்துவிட்டேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்துக் கூடையிலிருந்து ஒன்றும் என் பையிலிருந்து ஒன்றுமாக இரண்டு மீனை எடுத்து முந்தானைக்குள் மறைத்து மாற்றி வைத்தார். "எது இன்னிக்கு மீனு? கைய வச்சிச் சொல்லு."

சொன்னேன். தப்பு.

மறுபடி மாற்றினார். சொன்னேன். தப்பு.

பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒருவர், "யம்மா, ஸ்கூல அப்பால நடத்து, எனக்கு டூட்டி இருக்குது" என்றார். அந்த அம்மா திரும்பியே பார்க்கவில்லை. "நீ கொஞ்சம் நில்லு. அது கத்துக்கட்டும்."

வகுப்பில் போர்டுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்த பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காது சூடாகிறது, கை வியர்க்கிறது, தெரிந்ததும் மறந்துபோகிறது. 'பின்னால் நிற்பவர் என்ன நினைப்பார்' என்ற ஒரே கேள்விதான் மண்டையில் ஓடியதே தவிர மீன் அங்கே இல்லவே இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம். நான் தப்புச் சொன்னதற்கு அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. சலிப்பும் இல்லை, 'பரவாயில்ல கண்ணு'வும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பது போல, தொடாதவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். ஒன்றில் விரல் வழுக்கியது, சதை திருப்பித் தள்ளியது. இன்னொன்றில் விரல் நின்றது. "இது" என்றேன். அவர் அந்த மீனை அப்படியே வாங்கி அருவாமனையில் வைத்து அறுத்தார். சரி என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு அறுத்துக்கொண்டே சொன்னதுதான் மற்றதெல்லாம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பு ஏறியிருந்தால் பழசு. கண் முட்டை போல் வெளியே நிற்க வேண்டும், குழிந்து பால் கட்டியிருந்தால் வாங்காதே. இறாலுக்குத் தலை ஆடக் கூடாது. பெரிய போட்டுகள் நாள்கணக்கில் கடலில் தங்கும், அந்த மீன் ஐஸில்தான் வரும். ஃபைபர் போட்டு மீன் அன்றன்றைக்குக் கரை ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது விலை கேட்டால் தலை சுற்றும். கூறு வாங்கினால் மேலே பார்க்காதே, அடியில் கையை விடு. நண்டைத் திருப்பினால் வயிற்றில் முக்கோணம். கூராக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். "ஆம்பளைக்கு சதை, பொம்பளைக்கு முட்டை. நாளைக்கு அம்மாவாசை, நண்டு கட்டியா இருக்கும், வாங்கு." அமாவாசை நண்டில் சதை அதிகம் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. வாங்கினேன், கிலோ 350. திருப்பிப் பார்க்கிறேன் என்று ஒன்றைத் தூக்க, ஏற்கனவே ரத்தம் கட்டிய ஆள்காட்டி விரலையே அது பிடித்துக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில், டூட்டிக்குப் போக வேண்டியவர்தான் முதலில் சிரித்தார். பிடுங்கிவிட்டதும் அவர்தான்.

சுத்தம் பண்ணக் கூலி 50 ரூபாய். நூறாகக் கொடுத்தேன். மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். "மீன் வாடை போவலன்னா புளிய தேய்" என்றார். மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது, புளியில் அமிலம், அதனால் அடங்கும் என்று எனக்கு உடனே தோன்றியது. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் அக்கா வீட்டில் நண்டு மசாலா. தூங்கி எழுந்த சங்கராவைக் குழம்பில் போட்டு, "புளி ஒறப்பா வச்சா எல்லாம் சரியாப்பூடும்" என்றாள். மாமா ஒன்றும் தெரியாமல் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் தகரக் கொட்டகை. ஐம்பதில் பதினொன்று.

டிசம்பர் 30, திங்கள்

அமாவாசை. வீட்டில் மீன் கிடையாது. ராத்திரி ரயிலுக்கு முன்னால் எண்ணூர் பார்த்துவிடலாம் என்று காலையிலேயே பஸ் ஏறினேன். கடல் ஒரு பக்கம், கன்டெய்னர் லாரி ஒரு பக்கம். ஒரு மணி நேரத்தில் தொண்டையில் சாம்பல் ருசி. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். போன வருஷம் இதே டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்த முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின் இடுப்பில் கறுப்புக் கோடு இருந்தது. தார் பூசியதா, அந்த எண்ணெயா, கேட்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து பேர் மண்டி போட்டபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும். வாயில் பனையோலைப் பறிக் கூடையின் வாரைக் கடித்திருந்தார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள். இறால் பிடிக்கிறார்கள், வலை இல்லாமல், தடவித் தடவி. கலங்கிய தண்ணீரில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டே கையை எடுத்தார், பறிக்குள் போட்டார், மறுபடி கையை விட்டார். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வாயில் பறியோடு எப்படிப் பதில் சொல்வார்கள்?

திரும்பும் பஸ்ஸில் இருபது நிமிஷ வழிக்கு ஒன்றேகால் மணி நேரம். லாரி வரிசை. கண்டக்டர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஏறிக்கொண்டார்.

கிளம்பும் முன் கொட்டகைக்குப் போய்த் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டேன். பாப்பா ஒரு பழைய ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓரம் கொஞ்சம் உடைந்தது. "ஊர்ல அடிங்க மிஸ். எத்தினி வந்துச்சுன்னு போன்ல சொல்லுங்க." காசு கொடுத்தால் வாங்க மாட்டாள் என்று தெரிந்து, என் நாலுவண்ணப் பேனாவைக் கொடுத்தேன். அவள் முதலில் பச்சையை அமுக்கிப் பார்த்தாள்.

அக்கா மூட்டை கட்டினாள். நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ, மூன்று பாலிதீன் கவர், அதற்கு மேல் பழைய நைட்டி. "அம்மாவாசையில கருவாடாக்கா?" என்றேன். "துன்னாத்தான் தப்பு. கட்டிக் குடுக்குறதுல இன்னா தப்பு?" என்றாள். மாமா பைக்கில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட்டார்.

எனக்கு லோயர் பெர்த். ஸ்ட்ரைக்கரை எடுத்துப் பெர்த் ரெக்சினில் வைத்து ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன், எதிர் சீட்டுக்குக் கீழே ஓடிவிட்டது. குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போது அரக்கோணம் தாண்டியது. மிடில் பெர்த்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார். "யாரோ கருவாடு கொண்டாந்திருக்காங்க போல. கொஞ்சங்கூட அறிவில்லாம, ஸ்லீப்பர்ல!" சைடு பெர்த்தில் இருந்தவர் ஆமாம் ஆமாம் என்றார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

நானும் எழுந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தேன். "ஆமாங்க, ரொம்ப வாடையாத்தான் இருக்குது" என்றேன்.